சந்தோசக் கொடிக்கு ஒரு கொழுகொம்பு: புதிதாகத் தொடங்குவோருக்கு

யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் பயித்தங்கொடி போடுகிற காலத்தில், விதை ஊன்றுகிற அன்றைக்கே அம்மா பக்கத்தில் ஒரு தடியையும் ஊன்றிவிடுவா. கொடி வளர்ந்தபிறகு தடி தேடி ஓடினால் அது நிலத்தில் படர்ந்து ஒன்றோடொன்று சிக்கியிருக்கும். பிரித்தெடுக்கையில் நுனி முறியும், தடியைக் குத்துகையில் வேர் அறும். நாளாந்த வாழ்க்கையில் கொஞ்சம் கூடுதலாகச் சந்தோசமாக இருக்கவேண்டும் என்று நான் எடுத்த முயற்சிகள் வருடக்கணக்காகப் பட்டுப்போனதற்கும் இதுதான் காரணம் என்று பிந்தித்தான் விளங்கியது. தைப்பொங்கலுக்கு ஒரு தீர்மானம், சித்திரை வருடப்பிறப்புக்கு இன்னொன்று. விதையில் பிழையில்லை. ஏறுவதற்குக் கொழுகொம்புதான் இருக்கவில்லை.

வேலை நடக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், பெரிய குறை என்று சொல்ல ஒன்றுமில்லை; ஆனாலும் இரவு படலையைப் பூட்டிவிட்டு உள்ளே வரும்போது அன்றைய நாள் வெறுமையாகப் போனது போலிருக்கிறது. அப்படி இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதைவிடப் பாரமான துயரத்தோடு இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியது வேறு. அதையும் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

ஏன் சின்ன மாற்றம்? விசா கிடைத்தால், வீட்டுக்கு மேல்மாடி எழுப்பினால், மகளுக்கு நல்ல இடத்தில் கலியாணம் சரிவந்தால் என்று சந்தோசத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு போவது எங்கள் ஊரில் பழகிப்போன ஒன்று. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் லொத்தரில் பெருந்தொகை விழுந்த 22 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1978இல் வெளிவந்தது. அந்தச் சுற்றாடலில் வாழ்ந்த மற்றவர்களைவிட அவர்கள் குறிப்பிடும்படி சந்தோசமாக இருக்கவில்லை. காலைச் சாப்பாடு, நண்பர் ஒருவரோடு கதைப்பது போன்ற சின்ன விசயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் மற்றவர்களைவிடக் குறைவாகக்கூட இருந்தது. பெரிய நன்மைக்கு மனம் கெதியாகப் பழகிவிடுகிறது. விடியத் தேத்தண்ணியும் வேப்பமரக் காற்றும் ஒவ்வொரு நாளும் புதிதாக வருகிறவை. அவற்றை வாங்கிக்கொள்ள நாங்கள் அங்கே இருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

முதல் கிழமை: ஒன்றையும் மாற்றவேண்டாம்

புதிதாகத் தொடங்குபவர்கள் செய்கிற முதல் பிழை, முதல் நாளே எல்லாவற்றையும் மாற்றப் பார்ப்பது. ஒரு கிழமை பொறுங்கள். பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு நாளும் மூன்று தடவை ஒரு வரி எழுதுங்கள்: விடியத் தேத்தண்ணிக்குப் பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகுமுன். கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தேன், ஆரோடு, மனம் எப்படி இருந்தது. மனதுக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு புள்ளி. வேறு விளக்கம் வேண்டாம்.

ஏன் எழுதவேண்டும் என்றால், எது எங்களைச் சந்தோசப்படுத்துகிறது என்று நாங்கள் நினைப்பதும் உண்மையில் சந்தோசப்படுத்துவதும் பல நேரம் ஒன்றல்ல. என் கொப்பியில் ஆகக் குறைந்த புள்ளி எங்கே விழுந்தது தெரியுமா? விடிய எழும்பிப் பாயில் கிடந்தபடியே போன் பார்த்த அரை மணித்தியாலத்தில். அதை நான் ஓய்வு என்றுதான் நினைத்திருந்தேன். ஆகக் கூடியது, தின்னவேலிச் சந்தையில் மரக்கறி வாங்கிவந்த நாளிலும், செடிகளுக்குத் தண்ணீர் விட்ட பின்னேரங்களிலும். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் சும்மா இருந்தும் நான்குக்கு மேலே போகவில்லை.

ஹார்வார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. 2,250 பேரிடம் நாளில் சில தடவை போன் மூலம், இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் செய்கிற வேலையில் இருக்கிறதா, வேறெங்கும் அலைகிறதா என்று கேட்டார்கள். கேட்ட நேரங்களில் ஏறக்குறைய 47 வீதத்தில் மனம் அலைந்துகொண்டிருந்தது. அப்படி அலைந்த நேரங்களில் அவர்கள் சந்தோசம் குறைந்தே இருந்தார்கள். பாத்திரம் கழுவினால் பாத்திரத்தோடு இரு என்று அம்மம்மா சொன்னதை நான் இப்போது வேறு மரியாதையோடு நினைக்கிறேன்.

கிழமை முடிந்ததும் கொப்பியைப் புரட்டுங்கள். கூடிய புள்ளி விழுந்த இடங்களில் திரும்பத் திரும்ப வருவது எது? குறைந்த இடங்களில் வருவது எது? அதிலிருந்து ஒன்றே ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். இரண்டு வேண்டாம்.

கொழுகொம்பைத் தேடுதல்

தெரிவுசெய்த சின்ன மாற்றத்தை, ஏற்கனவே ஒருநாளும் தவறாமல் செய்கிற ஒன்றோடு கட்டிவிட வேண்டும். அதுதான் கொழுகொம்பு. எங்கள் வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை: கிணற்றடியில் முகம் கழுவுவது, முற்றம் கூட்டுவது, சாமிக்கு விளக்கு வைப்பது, புட்டுக்கு மா குழைப்பது, வேலையால் வந்து சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடுவது, இரவு படலை பூட்டுவது.

‘பின்னேரத்தில்’ என்பது கொழுகொம்பு அல்ல. ‘நேரம் கிடைக்கும்போது’ என்பது அதைவிட மோசம், ஏனென்றால் நேரம் கிடைக்காது. ‘சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டதும்’ என்பது கொழுகொம்பு. கண்ணால் காணலாம், கையால் தொடலாம். ஆகவே கொப்பியில் ஒரு வசனம் எழுதுங்கள். என்னுடையது இது: “தேத்தண்ணி ஊற்றியதும், கோப்பையோடு விறாந்தைப் படியில் இருப்பேன், போன் உள்ளே இருக்கும்.” எப்போது, எங்கே, என்ன. எண்ணத்தில் மட்டும் வைத்திருப்பவர்களைவிட, எப்போது எங்கே என்று முன்கூட்டியே முடிவுசெய்பவர்கள் அதைச் செய்துமுடிப்பது கூடுதல் என்று உளவியலாளர்கள் பலமுறை சோதித்துக் கண்டிருக்கிறார்கள்.

அளவு முக்கியம். காய்ச்சலோடு கிடக்கிற நாளிலும் செய்யக்கூடிய அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். அரை மணித்தியாலத் தியானம் என்று தொடங்காமல், படியில் இருந்து ஒரு கோப்பை தேத்தண்ணியைக் குடித்துமுடிப்பது. ஒரு மணித்தியால நடை என்று தொடங்காமல், ஒழுங்கை முகப்பு வரை போய் வருவது. இது மிகச் சின்னது, இதிலே என்ன வந்துவிடும் என்று மனம் சொல்லும். சொல்லட்டும். முதலில் கொடி தடியைப் பிடிக்கவேண்டும், காய்ப்பது பிறகு.

எத்தனை நாள் பிடிக்கும்? 21 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். லண்டனில் உள்ள பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை 12 கிழமை கவனித்துச் செய்த ஆய்வு வேறு கணக்குச் சொல்கிறது. ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கிற பழக்கமாகச் சராசரியாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். ஆகவே மூன்றாவது கிழமையில் இன்னும் கஷ்டமாக இருக்கிறதே என்று மனம் உடையவேண்டாம். நீங்கள் பாதி வழிக்குக்கூட வரவில்லை, அவ்வளவுதான்.

விடியப்புறமும் போனும்

பலருடைய கொப்பியிலும் குறைந்த புள்ளி இதிலேதான் விழும் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. நாங்கள் நித்திரையாக இருக்கிற நேரம் ரொறன்ரோவில் பகல். ஆகவே நாங்கள் கண் முழிக்கும்போது வட்ஸ்அப், வைபர் எல்லாம் நிரம்பியிருக்கும்: மச்சாளின் புது வீடு, சித்தப்பாவின் பேரனின் பிறந்தநாள், யாரோ ஒருவரின் மரண அறிவித்தல், ஊர்ச் சண்டை ஒன்றின் குரல்பதிவு. முகம் கழுவுமுன்னரே பத்து வீடுகளின் வாழ்க்கை எங்கள் தலைக்குள் வந்துவிடுகிறது. அவர்களின் படத்தையும் எங்கள் குசினியையும் ஒப்பிட்டுக்கொண்டுதான் நாள் தொடங்குகிறது. அவர்கள் பனியில் இரண்டு வேலைக்கு ஓடுவது படத்தில் வராது.

செய்யவேண்டியது இவ்வளவுதான். போன் சார்ஜரைப் படுக்கிற அறையிலிருந்து எடுத்து வேறிடத்தில் கொழுவுங்கள். அலாரத்துக்குப் போன் வேண்டுமே என்றால், சின்ன அலாரம் மணிக்கூடு ஒன்று வாங்குங்கள். வெளிநாட்டில் இருக்கிற உறவுகளுக்கு, “நான் ஏழு மணிக்குப் பிறகுதான் போன் பார்ப்பன், அவசரம் எண்டால் வீட்டு நம்பருக்கு எடுங்கோ” என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது, ஆரும் கோபிப்பார்களோ என்று. கனடாவிலிருந்து அண்ணி சொன்ன பதில்: “நானும் அப்பிடிச் செய்யலாம் போலை கிடக்கு.”

அந்த இடைவெளியில் விறாந்தைப் படியில் என்ன கிடைக்கும்? எனக்கு முதல் இரண்டு கிழமையும் ஒன்றும் கிடைக்கவில்லை, கை போனைத்தான் தேடியது. மூன்றாவது கிழமையில்தான் முருங்கையில் புலுனிக் குருவிகள் கூட்டமாக வந்து கத்துவதைக் கண்டேன். அவை அங்கே முந்தியும் வந்திருக்கும்.

மதிலுக்குப் பிறகு மனிதர்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் வாசிக்க நேரம் உண்டென்றால் இதை வாசியுங்கள்.

என் சின்ன வயதில் எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் இடையில் பூவரசங் கதியால் போட்ட வேலி. கிடுகு வைத்து அடைத்திருந்தாலும் ஒரு மூலையில் ஆள் நுழையக்கூடிய பொட்டு இருக்கும். அந்தப் பொட்டுக்குள்ளால் கறிவேப்பிலை போகும், மோர் வரும், சுகமில்லாத பிள்ளைக்குக் கசாயம் போகும், எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரு நாளில் நாலு தரமாவது குனிந்து போய் வருவார்கள். இப்போது மதில். மதிலில் பிழை சொல்ல ஏலாது, பாதுகாப்புக்கும் வடிவுக்கும் கட்டுகிறோம். ஆனால் பொட்டால் தானாக நடந்த கதைபேச்சு அதோடு நின்றுபோனது. இனி அதை நாங்கள் வேண்டுமென்றே செய்யவேண்டியிருக்கிறது.

இது வெறும் பழைய நினைவு அல்ல. ஹார்வார்டில் 1938இல் தொடங்கி இன்னும் நடக்கிற ஆய்வு ஒன்று, பல நூறு பேரின் வாழ்க்கையை வாலிபத்திலிருந்து முதுமை வரை தொடர்ந்து பார்த்திருக்கிறது. காசு, புகழ் எல்லாவற்றையும் விட, மற்றவர்களோடு இருக்கிற நல்ல உறவுதான் சுகத்தோடும் சந்தோசத்தோடும் நெருக்கமாக ஒட்டிவருகிறது என்பதுதான் அதில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. நெருங்கிய உறவு மட்டுமல்ல, முன்பின் தெரியாதவரோடு கதைப்பதும் கணக்கில் வருகிறது. சிக்காகோவில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் ஒரு பகுதியினரைப் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கச் சொன்னார்கள், இன்னொரு பகுதியினரைத் தனியே இருக்கச் சொன்னார்கள். தனியே இருந்தால்தான் நன்றாக இருக்கும் என்று மக்கள் எதிர்பார்த்தார்கள். நடந்தது மறுதலை, கதைத்தவர்களின் பயணம்தான் நன்றாகப் போனது. 2014இல் வெளிவந்த ஆய்வு அது.

எங்கே தொடங்குவது? சந்தையில். ஒரே கடையில் தொடர்ந்து வாங்குங்கள். விலை கேட்பதோடு இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள், அவ்வளவுதான். நான் கேட்ட முதல் கேள்வி, “அக்கா, இந்த மழையிலை உங்கடை தோட்டம் தாங்கினதோ?” அவ தராசைக் கீழே வைத்துவிட்டு, “எங்கை தங்கச்சி, வெங்காயம் முழுக்க அழுகிப்போச்சு” என்று தொடங்கினா. மருதனார்மடத்தில் இருந்தாலும் கொடிகாமத்தில் இருந்தாலும் இது பொருந்தும்: சந்தை என்பது காய்கறிக்கு மட்டும் உரிய இடமல்ல. பெரிய கடைகளில் கூடையில் போட்டு வரிசையில் நின்று காசு கொடுத்து வரலாம், நேரம் மிச்சம். ஆனால் அந்த மிச்ச நேரத்தை நாங்கள் என்ன செய்கிறோம் என்று உங்கள் கொப்பியே சொல்லும்.

அடுத்தது பக்கத்து வீடு. மதிலில் பொட்டு வைக்க ஏலாது, படலையால் போகலாம். கையில் ஏதும் இருந்தால் போவது சுகம். முருங்கைக்காய் நாலு, ஒரு கட்டு வல்லாரை, ஒடியல் கூழ் காய்ச்சினால் ஒரு சட்டி. கூழ் அளவாகக் காய்ச்ச முடியாத உணவு என்பது எங்கள் முன்னோர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. நான் முதல்முறை போனபோது ஆச்சி படலையைத் திறந்துவிட்டு, “பிள்ளை, ஆறு மாசமாச் சத்தமில்லை, என்னிலை ஏதும் கோபமோ எண்டு நினைச்சன்” என்றா. எனக்குத் தொண்டை அடைத்தது. கோபம் ஒன்றுமே இல்லை. இடையில் நின்றது மதில் மட்டும்தான்.

ஆண்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே தேவை என்று எனக்குத் தோன்றுகிறது. முந்தி மதவடி இருந்தது, வாசிகசாலை இருந்தது. பேப்பர் பார்க்கப் போகிற சாட்டில் அரை மணித்தியாலம் நாலு பேரோடு போகும். இப்போது பேப்பர் போனில் வருகிறது. ஆனால் சனசமூக நிலையங்கள் ஊரூராக இன்னும் இருக்கின்றன. ஓய்வுபெற்ற அப்பாவையோ மாமாவையோ கிழமையில் இரண்டு நாள் அங்கே போய்ப் பேப்பர் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள், தனியே போகக் கூச்சப்படுவார்கள்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு: படத்துக்கு விருப்பக்குறி போடுவதைவிட, கிழமைக்கு ஒருவருக்கு ஒரு நிமிடக் குரல்பதிவு. பின்னால் கோயில் மணி கேட்டால் இன்னும் நல்லது.

கொடுத்தல் பற்றிக் கொஞ்சம்

2008இல் கனடாவில் நடந்த சோதனை ஒன்றில் சிலருக்கு 5 டொலரும் சிலருக்கு 20 டொலரும் கொடுத்து, பின்னேரத்துக்கிடையில் செலவழிக்கச் சொன்னார்கள். சிலரைத் தங்களுக்கும், சிலரை மற்றவருக்கும். மற்றவருக்குச் செலவழித்தவர்களே சந்தோசமாக இருந்தார்கள். ஐந்தா இருபதா என்பதில் வித்தியாசம் தெரியவில்லை. செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டப் போய்வந்த ஆரையும் கேட்டுப்பாருங்கள், இதையே சொல்வார்கள். ஆனால் ஒன்று. கடன் கொடுப்பது இதில் சேராது. திரும்பி வரும் என்று எதிர்பார்த்துக் கொடுக்கிற காசு நித்திரையைத்தான் கெடுக்கும். திரும்பி வராவிட்டாலும் மனம் நோகாத அளவில் கொடுங்கள்.

உடம்புக்குத் தனியாக அதிகம் சொல்லத் தேவையில்லை. கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சந்தைக்குச் சைக்கிளில் போய் வருவதும் அதில் சேரும். வைகாசி வெயிலில் மட்டும் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு வையுங்கள். பண்ணைக் கடற்கரைப் பக்கம் போகக்கூடியவர்கள் ஒருநாள் அங்கே நடந்து, சூரியன் கடலில் இறங்கும்வரை நின்றுவிட்டு வாருங்கள்.

நன்றிக் கொப்பி பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு நாளும் எழுதவேண்டாம். நாளாந்தம் எழுதினால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபிறகு, கிழமைக்கு ஒருமுறை போதும். ‘குடும்பம், சுகம், கடவுள்’ என்று பொதுவாக எழுதாமல், ‘செவ்வாய் மழைக்குள் மினிபஸ் நடத்துனர் எனக்காக நிறுத்தி வைத்தார்’ என்று எழுதுங்கள். கிழமை முழுக்க அப்படி ஒன்றுக்காகக் கண் தேடத் தொடங்கும்.

அறுந்துபோகிற நாட்கள்

அறுந்துபோகும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீட்டில் ஆக்கள் நிறைந்திருப்பார்கள், கலியாணவீடு வரும், செத்தவீடு வரும், மார்கழி அடைமழையில் விறாந்தைப் படி நனைந்திருக்கும். ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுப்போகாது என்பதும் அந்த லண்டன் ஆய்விலேயே தெரிந்த விசயம். நான் வைத்திருக்கிற ஒரே விதி, தொடர்ந்து இரண்டு நாள் விடக்கூடாது என்பது. படி நனைந்தால் குசினி வாசலில் இருங்கள். இடம் மாறலாம், கொழுகொம்பு மாறக்கூடாது.

இரண்டு மாதம் ஒன்று ஒழுங்காக நடந்தபிறகு மட்டும் இரண்டாவதைச் சேருங்கள்.

பாரமான துயரம்

எங்கள் மண்ணில் பல வீடுகளில் இன்னும் ஒரு படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது. சில வீடுகளில் படத்துக்கு மாலை போடவும் முடியாமல், விடவும் முடியாமல் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் நன்றிக் கொப்பி எழுதுங்கள் என்று சொல்லக்கூடாது. பக்கத்தில் இருங்கள், சாப்பாடு கொண்டுபோங்கள், பெயரைச் சொல்லிக் கதைக்க விடுங்கள்.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இரண்டு கிழமைக்கு மேலாக நாளின் பெரும்பகுதியும் மனம் இருண்டு, முந்தி விருப்பமாக இருந்த ஒன்றிலும் நாட்டமில்லாமல், நித்திரையும் சாப்பாடும் குழம்பிப்போனால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சின்ன மாற்றங்களுக்காகக் காத்திருக்கவேண்டாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. செத்தால் நல்லது என்ற எண்ணம் வந்தால் உடனே 1926 என்ற இலங்கையின் தேசிய உளநல உதவி எண்ணுக்கு எடுங்கள், இரவென்றாலும் எடுங்கள். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பதில் வெட்கமில்லை, இதிலும் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்று பிந்திப்போன ஆக்களை நான் கண்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்றிரவு

மற்றவர்கள் இன்றிரவு செய்யவேண்டியது இரண்டே வேலை. பழைய கொப்பியையும் பேனையையும் தேத்தண்ணிப் போத்தலுக்குப் பக்கத்தில் வையுங்கள். அதில் நாளைய திகதியை இப்போதே எழுதி, கீழே மூன்று கோடு போட்டுவிடுங்கள். விடியத் தேத்தண்ணி குடித்துமுடித்ததும் முதல் கோட்டை நிரப்பலாம்.